புகை சார் இன்ஜின் மாற்றிய வரலாறு

அந்தப் பட்டறையில் பெற்றவர்கள் வைத்த பெயர் செல்லாது. வண்டிக்கு என்ன கோளாறோ, அதுதான் வண்டிக்காரருக்குப் பெயர். கிளட்ச் அம்மா, ரேடியேட்டர் வாத்தியார், ஒரு பக்கமாக இழுக்கும் டாக்டர். நம்மவருக்குப் ‘புகை சார்’. ஆஸ்பத்திரி ஒன்றின் மருந்துக் கிடங்கைப் பூட்டித் திறந்து ஓய்வுபெற்றவர். அவருடைய கார் தெருமுனையில் திரும்பினால், கொடியில் துணி காயப்போட்டவர்கள் போட்டது போட்டபடி ஓடிவருவார்கள்.

பெயரில் அவருக்கு வருத்தம் இல்லை. வேறு எங்கும் யாரும் அவரை எந்தப் பெயர் சொல்லியும் கூப்பிடவில்லை. மகளின் பிரசவத்துக்கு ஆறு மாதம் துணையாக இருந்துவிட்டு வருவதாக மனைவி இரண்டு பெட்டிகளோடு விமானம் ஏறினார். ஆறு மாதத்தில் குழந்தை தவழ்ந்தது. பிறகு நடந்தது. பிறகு அதற்கு ஒரு தம்பி பிறந்தான். பிள்ளைகள் வளர்வதற்கு யாரைக் குற்றம் சொல்வது? ஞாயிற்றுக்கிழமை போனில் மனைவி, சாப்பிட்டீர்களா என்று கேட்பார். சாப்பிட்டதாக இவர் சொல்வார். அதற்குள் அங்கே ஒரு பிள்ளை இன்னொன்றைக் கடித்துவிடும். பேச்சு அத்தோடு சரி.

வீட்டில் இரண்டு டம்ளர்கள். ஒன்றையே எடுத்தால் மற்றது மனம் நோகும் என்று காலையில் ஒன்றும் மாலையில் ஒன்றுமாகப் புழங்கிவந்தார்.

ஆகவே வாரம் ஒருமுறையாவது கார் கெட்டுப்போவது அவசியமாயிற்று. இந்த விஷயத்தில் கார் அவரைக் கைவிட்டதே இல்லை. ஏதோ வேனிலிருந்து கழற்றிய சீட் ஒன்று பட்டறைச் சுவரோரம் கிடந்தது. அதில் ஸ்பிரிங் குத்தாத ஓரம் எது என்று அவருக்கு அத்துப்படி. அங்கே அமர்ந்து, டிங்கர் தகரம் தட்டுகிற சத்தத்துக்கு மேலே தொண்டையை உயர்த்தி உலக நடப்பை அலசுவார். மெக்கானிக் காருக்கு அடியில் படுத்தபடி ‘ம்’ கொட்டுவார். வீட்டுச் சுவர்கள் அதைக்கூடச் செய்வதில்லை.

இப்படி நல்லபடியாகக் கெட்டுக்கொண்டிருந்த இன்ஜின் ஒருநாள் மண்டையைப் போட்டது. மெக்கானிக் திறந்து பார்த்துவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டார்.

“இனி இதுல கை வைக்கறது செத்தவனுக்கு ஊசி போடற மாதிரி சார். வேற இன்ஜின் வச்சிடலாம். ஓடினதுதான், ஆனா பிரிச்சு உள்ளே எல்லாம் புதுசா போட்டது. அப்புறம் ஜென்மத்துக்கும் உங்களுக்குக் கவலை இல்லை.”

‘ஜென்மத்துக்கும்’ என்றதும் புகை சார், பழசையே இன்னொரு தடவை பார்க்கச் சொன்னார்.

இருவரும் பழைய இன்ஜின் வியாபாரியின் கொட்டகைக்குப் போனார்கள். டயர்கள் மேல் இன்ஜின்கள், ஒயர்களைத் தொங்கவிட்டபடி, டிஸ்சார்ஜ் சீட்டுக்குக் காத்திருக்கும் நோயாளிகளைப் போலக் கிடந்தன. இவர் காருக்குப் பொருந்துவது இரண்டு. வியாபாரி ஒவ்வொன்றாக இரும்புத் தாங்கியில் ஏற்றி, பேட்டரி கொடுத்து ஓட்டிக் காட்டினார். முதலாவது மடியில் படுத்த பூனை மாதிரி உறுமியது. மெக்கானிக் ஆயில் மூடியைத் திறந்து உள்ளங்கையை மேலே பிடித்தார். துளிப் புகை இல்லை. இரண்டாவது இருமியது, அதிர்ந்தது, கொட்டகையையே இருட்டாக்கியது. புகை சார் முகத்தில் வெளிச்சம் வந்தது.

“இதையே எடுத்துக்கறேன்.”

“சார், அது பார்ட்ஸுக்காகப் போட்டு வச்சது. ஓடும்னே எனக்கு இன்னிக்குத்தான் தெரியும்” என்றார் வியாபாரி.

“பரவாயில்லை. குரல் பழகின மாதிரி இருக்கு.”

கெட்ட சரக்கை நல்லது என்று சொல்லி விற்ற அனுபவம் வியாபாரிக்கு உண்டு. கெட்டது என்று சொன்ன பிறகும் கேட்கிற ஆளை அவர் பார்த்ததில்லை. இதில் ஏதோ வில்லங்கம் இருக்கிறது என்று அஞ்சி, நல்ல இன்ஜினின் விலையைத் தானாகவே குறைத்தார். மெக்கானிக் புகை சாரை ஓரம்கட்டினார்.

“கஞ்சத்தனத்துக்கும் ஒரு அளவு இருக்கு சார். நாளைக்கு நடுரோட்டுல நின்னுட்டா?”

நின்றால் உன்னிடம்தானே வருவேன் என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டு புகை சார் பர்ஸை எடுத்தார். பூனை இன்ஜின்தான் பட்டறைக்கு வந்தது.

பொருத்தி முடித்த அன்று பட்டறையே கூடி நின்றது. டிங்கர் தன் டீ கிளாஸை ஓடும் இன்ஜின் மேல் வைத்தார். டீ அசையவில்லை. மெக்கானிக் பெருமையோடு, இனி இந்தப் பக்கம் தலைவைத்தும் படுக்க வேண்டாம் என்று வாழ்த்தினார். தொழிலில் அதற்கு மேல் ஒரு வாழ்த்து கிடையாது. வேலையிலிருந்து ஓய்வுபெற்ற அன்று மாலையை வாங்கியதுபோல அதையும் தலைகுனிந்து வாங்கிக்கொண்டார் புகை சார்.

கார் வாசலைத் தாண்டும்போது மெக்கானிக் கூப்பிட்டார். “ஒண்ணு மறந்துட்டேன். ஆயிரம் கிலோமீட்டர் ஓடினதும் ஒரு தடவை கொண்டாங்க. ஆயில் மாத்தி, போல்ட்டெல்லாம் இறுக்கித் தரணும்.”

ஆயிரம். கடைக்கும் மருந்துக்குமாக ஓடினால், அது பூர்த்தியாவதற்குள் சின்னப் பேரனுக்கு மீசை முளைத்துவிடும்.

மறுநாள் காலை அவர் திக்விஜயம் கிளம்பினார். புறவழிச்சாலையைச் செக்குமாடு போலச் சுற்றினார். புது இன்ஜினை விரட்டக் கூடாது என்பதால் மெதுவாகப் போனார். லாரிக்காரர்கள் அவருடைய முன்னோர்களை விசாரித்துவிட்டுக் கடந்தார்கள். பக்கத்து ஊருக்குப் போய், இறங்கித் தண்ணீர் குடித்துவிட்டுத் திரும்பினார். விமான நிலையத்துக்கு மட்டும் பலமுறை போனார். அது தூரம் சரியாக இருந்ததால்தான், வேறொன்றும் இல்லை. பயணிகள் வெளியே வரும் வாசலில் மற்றவர்களோடு நின்றார். யாருக்காக நிற்கிறீர்கள் என்று பக்கத்தில் நின்றவர் கேட்டபோது, “ஃபிளைட் லேட்டுங்க” என்றார். வந்தவர்கள் எல்லாம் கட்டிப்பிடித்து முடித்ததும் காரை எடுத்தார்.

மெக்கானிக்கால் மீட்டரை நம்ப முடியவில்லை.

“அதுக்குள்ளயா? அப்படி எங்கதான் சார் போனீங்க?”

“சொந்தக்காரங்க நிறைய. வா வான்னு ஒரே தொல்லை. போகாம முடியலை.”

வேன் சீட்டில், ஸ்பிரிங் குத்தாத ஓரத்தில், பிரேக் பிடிக்காத காண்ட்ராக்டர் உட்கார்ந்து உலக நடப்பை அலசிக்கொண்டிருந்தார். புகை சார் மறு ஓரத்தில் உட்கார்ந்து, குத்துவதைத் தாங்கிக்கொண்டு ‘ம்’ கொட்டினார். டிங்கர் நிமிர்ந்து, “வண்டி எப்படி சார்?” என்று கேட்டார். வெறும் ‘சார்’. முன்னால் இருந்த புகையைக் காணோம்.

டீ ஆறுவதற்குள் வேலை முடிந்தது. அடுத்தது அஞ்சாயிரத்தில் பார்த்தால் போதும் என்றார் மெக்கானிக்.

“இன்னும் அஞ்சாயிரமா? ஓடின ஆயிரத்தையும் சேர்த்தா?”

“அதையும் சேர்த்துதான் சார்.”

“அப்ப நாலாயிரம்தான்” என்றபோது அவர் முகம் தெளிந்தது. பெட்ரோல் முள்ளைப் பார்த்துக்கொண்டார். பட்டறையிலிருந்து வீட்டுக்கு வலது பக்கம் போக வேண்டும். அவர் இடது பக்கம் ஒடித்தார்.