ஈரம் காயும் முன் தொட்டவர்

வெள்ளிக்கிழமையானால் நான் பல்லாவரம் சந்தைக்குப் போவது வழக்கம். அன்றும் போய்விட்டு வந்து, பையைக்கூட இன்னும் கீழே வைக்கவில்லை, தொலைபேசி அடித்தது. பிலோமினா அக்காவின் மூத்த மகள் ஜெசி. "ஆன்ட்டி, அம்மா போயிட்டாங்க" என்றாள். எங்கே போய்விட்டார் என்றுதான் முதலில் கேட்டேன். அக்கா எந்நேரமும் எங்காவது போய்க்கொண்டே இருப்பவர். வேறு எப்படிக் கேட்பது? ஜெசி அழுத பிறகுதான் எனக்கு உறைத்தது. பால் கவர்களைக் கழுவிக் கொடியில் கிளிப் போட்டுக்கொண்டிருந்தாராம். நெஞ்சைப் பிடித்துக்கொண்டு அப்படியே சாய்ந்திருக்கிறார். ஆட்டோ வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

பால் கவர் எதற்கு என்று மேற்குத் தாம்பரத்தில் எங்கள் தெருக்காரர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். பதினாறு பதினேழு வருடங்களுக்கு முன் நாங்கள் குடியிருந்த வீட்டின் மாடிப் போர்ஷன் அவருடையது. டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டர் வேலை, ஷிப்ட் மாறி மாறி வரும். ஷிப்ட் முடிந்து வந்தால் எல்லாரும் தூங்குவார்கள். அவர் தூங்கமாட்டார். பழைய செய்தித்தாள், கழுவிக் காயவைத்த பால் கவர், தீப்பெட்டி, ஐஸ் குச்சி, உடைந்த வளையல் என்று ஒரு கூடையில் அள்ளிப் போட்டுக்கொண்டு, பிள்ளைகள் இருக்கிற வீடாகப் பார்த்து நுழைந்துவிடுவார். "இன்னா பத்மா, புள்ளைங்க சும்மா குந்திகினு கீதுங்க? கை சும்மா இருந்தா துரு புடிச்சிரும்பா!" என்பார். நான் பதில் சொல்வதற்குள் என் அடுப்பில் மைதா பசை காய்ந்துகொண்டிருக்கும். வெண்டைக்காயைக் குறுக்கே நறுக்கி, மஞ்சள் தண்ணீரில் தோய்த்துத் தாளில் அழுத்தினால் பூ விழும் என்று அவர் காட்டிய நாளில் எங்கள் வீட்டில் குழம்புக்குக் காய் இல்லாமல் போனது.

கல்யாணப் பத்திரிகை அவர் கண்ணில் பட்டால் தொலைந்தது. குரோம்பேட்டையில் நடந்த ஒரு கல்யாணத்துக்கு நாங்கள் கிளம்பும்போதுதான், பத்திரிகை போன வாரமே படகாகிவிட்டது தெரிந்தது. படகின் அடிப்பாகத்தில் மண்டபத்தின் பெயர் பாதிதான் இருந்தது. அதை நம்பிப் போய், முன்பின் தெரியாத ஒரு மாப்பிள்ளைக்குக் கைகொடுத்துவிட்டு வந்தோம். சாப்பாடு நன்றாகத்தான் இருந்தது.

பரபரப்பு அவர் உடம்போடு பிறந்தது. ஒட்டியதைக் காயவிட மட்டும் அவரால் முடியவே முடியாது. "காய வையுங்கப்பா, யாரும் தொடாதீங்கப்பா" என்று பிள்ளைகளை விரட்டிவிட்டு, அவரே போய்க் கட்டைவிரலால் அழுத்திப் பார்ப்பார். அதனால் அவர் செய்த எந்தப் பொருளிலும் ஒரு பள்ளம் இருக்கும். தீப்பெட்டி ரயிலில் ஒரு பெட்டியாவது நசுங்கியிருக்கும். கேட்டால், "காஞ்சிச்சான்னு பாத்தேம்பா" என்பார். யாரிடம் பேசினாலும் அந்த 'பா' உண்டு. என் பிள்ளைகளும் அதைப் பிடித்துக்கொண்டு பால்காரரிடமும் பூனையிடமும் "இன்னாப்பா" என்று பேசினார்கள். எனக்கு அது அப்போது எரிச்சலாக இருந்தது.

என் கணவர் மஸ்கட்டுக்குக் கிரேன் ஓட்டும் வேலைக்குப் போனபோது எங்கள் சின்னவன் பாலு தவழ்ந்துகொண்டிருந்தான். பெரியவள் கவிதாவுக்கு அப்பா முகம் நன்றாகத் தெரியும். பாலுவுக்கு அப்பா என்றால் மீனம்பாக்கத்திலிருந்து எங்கள் மொட்டை மாடிக்கு மேலே ஏறிப்போகும் விமானம். எந்த விமானம் போனாலும் கையை ஆட்டி "டாட்டா அப்பா" என்பான். இதைப் பார்த்துவிட்டு அக்காவுக்கு இருப்புக்கொள்ளவில்லை. ஃபியூஸ் போன பல்பு ஒன்றை எடுத்துக்கொண்டு வந்துவிட்டார். செய்தித்தாளைக் கிழித்துப் பசையில் நனைத்து, பல்பின் மேல் அடுக்கடுக்காக ஒட்டினார். எங்கள் கல்யாணப் போட்டோவைப் பார்த்து மூக்கு வைத்தார், கறுப்பு உல்லனில் பெரிய மீசை வைத்தார். அடியில் ஒரு குச்சியைக் கட்டி, என் கணவரின் பழைய கைக்குட்டையைச் சட்டையாகச் சுற்றினார். இடது கன்னத்தில் வழக்கம்போல் கட்டைவிரல் பள்ளம். பாலு அதை வாங்கிய அன்றே கீழே போட்டான். உள்ளே பல்பு உடைந்து கிலுகிலுவென்று சத்தம் வந்தது. அன்றிலிருந்து அதுதான் அவனுக்கு அப்பா. அது அவனோடு இட்லி தின்றது, அவனோடு தூங்கியது.

நிஜ அப்பா லீவில் வந்தார். அந்த ஊர் வெயிலுக்கு அரிக்கிறது என்று மீசையை எடுத்துவிட்டு வந்திருந்தார். பாலு அவரை ஏற இறங்கப் பார்த்தான். பொம்மையைப் பார்த்தான். பிறகு என் முந்தானையை இழுத்து, "இந்த மாமா எப்பம்மா போவாரு?" என்றான்.

முதல் நாள் எல்லோரும் சிரித்தோம். ஒரு வாரம் போனதும் யாரும் சிரிக்கவில்லை. அவர் தூக்கப் போனால் பாலு கட்டிலுக்கு அடியில் ஓடினான். மிட்டாயை வாங்கிக்கொண்டு போய்ப் பொம்மைக்கு ஊட்டினான். ஒரு நாள் அவர் பொறுக்க முடியாமல் பொம்மையைப் பிடுங்கிப் பரணில் போட்டுவிட்டார். பிள்ளை அழுத அழுகையில் அவரே ஸ்டூல் போட்டு ஏறி எடுத்துக் கொடுத்தார். பிறகு சுவரைப் பார்த்துக்கொண்டு, "அடுத்த தடவை நான் வர்றதுக்குள்ள இவன் ஸ்கூல் போயிடுவான் பத்மா. அப்பவும் நான் மாமாதானா?" என்று கேட்டார். லீவு கரைந்துகொண்டிருந்தது.

கோபம் வந்தால் நான் ஆள் பார்ப்பதில்லை. நேரே மாடிக்குப் போய், "பொம்மையைக் குடுத்துப் பிள்ளையைக் கெடுத்துட்டீங்கக்கா. பெத்தவரையே அவனுக்குத் தெரியலே" என்று கத்தினேன். அக்கா கையில் கத்திரிக்கோல் இருந்தது. அதைக் கீழே வைத்தார். அவர் கை சும்மா இருந்ததை நான் பார்த்தது அன்றுதான்.

மறுநாள் காலையிலேயே கூடையோடு இறங்கி வந்தார். என்னைத் தாண்டிப் போய், என் கணவர் முன்னால் பசைக் கிண்ணத்தையும் இன்னொரு பழைய பல்பையும் வைத்தார். "தம்பி, ஒங்க தலைய நான் செஞ்சதுதான் பேஜாராயிடுச்சு. ஒங்க பையன் தலைய நீங்க செய்யுங்க. பேப்பரைக் கத்திரிக்காதீங்க, கிழிங்க. கிழிச்ச ஓரம்தான் நல்லா ஒட்டும்."

கிரேன் ஓட்டுகிறவர் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து செய்தித்தாள் கிழித்தார். பாலு கதவுக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்தான். தலை உருண்டு வந்தது. மூக்கு கத்திரிக்காய் மாதிரி வந்தது. அவன் ரோஷம் தாங்காமல் வெளியே வந்து, "என் மூக்கு அப்பிடி இல்ல!" என்றான். "அப்ப எப்படின்னு காட்டு" என்றார் இவர். அவன் காட்டித்தானே ஆக வேண்டும்? எதிரே வந்து உட்கார்ந்தான். இவர் அவன் மோவாயைப் பிடித்து இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தார். பிள்ளை ஓடவில்லை. பசைக் கையோடு அவனும் இரண்டு துண்டு ஒட்டினான்.

ஒட்டி முடித்துத் தட்டில் வைத்ததும் அக்காவின் வலது கை அதை நோக்கிப் போனது. பாதி வழியில் நின்றது. அந்தக் கையைத் தன் தொடைக்கு அடியில் வைத்து, அதன் மேலேயே உட்கார்ந்துகொண்டார். "காயட்டும்" என்றார்.

மழை மாதம். அது லேசில் காயவில்லை. அப்பாவும் பிள்ளையும் காலையில் அதை மொட்டை மாடிக்குக் கொண்டுபோவார்கள், காக்காய் விரட்டுவார்கள், தூறல் போட்டால் அவர் அந்தத் தலைக்கு மட்டும் குடை பிடித்துக்கொண்டு நிற்பார், பாலு அவர் காலுக்கு நடுவில் நிற்பான். அப்படி ஒரு நாள் மேலே விமானம் போயிருக்கிறது. பாலு பழக்கத்தில் கையைத் தூக்கியவன், இறக்கிவிட்டு, "அதுல யாருப்பா போறாங்க?" என்று கேட்டிருக்கிறான்.

என் கணவர் படியில் தடதடவென்று இறங்கி ஓடிவந்தார். "அவன் என்னை அப்பான்னு கூப்பிட்டானா? இல்லே, உங்களை மாதிரி சும்மா 'பா' போட்டானா?" என்று அக்காவைக் கேட்டார். எங்களுக்குத் தெரியவில்லை. பால்காரருக்கும் பூனைக்கும் போட்ட 'பா'வாகவும் இருக்கலாம். அவனையே கேட்டுவிடுவோம் என்று நான் கிளம்பினேன். அக்கா என் கையைப் பிடித்து இழுத்தார். "சும்மா இரு பத்மா. தம்பி, நீங்களும் தொட்டுப் பாக்காதீங்க. அதுவும் காயட்டும்."

யார் இதைச் சொல்வது என்று எனக்குச் சிரிப்பாக வந்தது. ஆனாலும் நாங்கள் பாலுவிடம் எதுவும் கேட்கவில்லை. என் கணவர் கிளம்புகிற நாள் வந்தது. மீனம்பாக்கத்தில் பெட்டியைத் தள்ளிக்கொண்டு வாசலுக்குள் நுழையப் போனார். எங்களோடு வந்திருந்த அக்கா பிள்ளை முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பாலு திடீரென்று என் கையை உதறிவிட்டு, அப்பா செய்த அந்தத் தலைப் பொம்மையோடு கம்பித் தடுப்புவரை ஓடினான். "அப்பா! என் தலைய மறந்துட்டுப் போறே!" என்று கத்தினான். இந்தத் தடவை யாருக்கும் சந்தேகம் வரவில்லை. அங்கிருந்த அத்தனை அப்பாக்களும் திரும்பிப் பார்த்தார்கள். என் கணவர் ஓடிவந்து அவனையும் பொம்மையையும் சேர்த்து வாங்கிக்கொண்டார். "இப்ப காஞ்சிடுச்சு தம்பி. எடுத்துகினு போங்க" என்றார் அக்கா. அவர் கண்ணில் தண்ணீர். எனக்கும்தான். அந்தத் தலை மஸ்கட்டில் என் கணவரின் கட்டிலருகே அவர் வேலையை விட்டு வரும்வரை இருந்தது. அதில் பள்ளம் கிடையாது.

அக்கா பிறகு முடிச்சூரில் மனை வாங்கி வீடு கட்டிக்கொண்டு போனார். அங்கேயும் கூடை போனது, அங்கேயும் தெருப் பிள்ளைகள் சேர்ந்தார்கள். அடக்கத்தன்று நாங்கள் போனபோது அந்தப் பிள்ளைகள்தான் வாசலை அடைத்துக்கொண்டு நின்றார்கள். கல்லூரி ஹாஸ்டலிலிருந்து வந்திருந்த பாலு, அவர்களோடு போய் நின்றுகொண்டான். பின்பக்கம் கொடியில் பால் கவர்கள் ஆடிக்கொண்டிருந்தன. நான் எல்லாவற்றையும் எடுத்து மடித்து ஜெசியிடம் கொடுத்தேன். ஒன்றில்கூடச் சொட்டு ஈரமில்லை.

வெள்ளிக்கிழமையிலிருந்து எனக்கு உட்கார முடியவில்லை. இதை எழுதும்போதே எழுந்து போய் அடுப்பைப் பார்க்கிறேன், அடுப்பில் ஒன்றுமில்லை. "கொஞ்ச நாள் போகட்டும், மனசு ஆறட்டும், அப்புறம் எழுது" என்கிறார் என் கணவர். அக்கா இருந்திருந்தால் என்னிடம் அதையேதான் சொல்லியிருப்பார், சொல்லிவிட்டு அவரே முதலில் உட்கார்ந்து எழுதியிருப்பார். அவர் எனக்கு விட்டுப்போனது அந்த மீசை வைத்த பொம்மை. கவிதாவின் மேசைமேல் கிடந்ததைக் கொண்டுவந்து என் பக்கத்தில் வைத்திருக்கிறேன். இடது கன்னத்துப் பள்ளத்தில் என் கட்டைவிரலை வைத்து அழுத்திப் பார்க்கிறேன். அந்தக் காகிதம் எப்போதோ காய்ந்துவிட்டது.

எனக்குத்தான் இன்னும் காயவில்லை, அக்கா.