நாத்தனார் முடிச்சும் ஒரு தூக்குச் சேறும்

திரௌபதியின் தோலைப் பற்றி உள்ளதைச் சொன்னால் பொய் என்பார்கள். பெண்ணாடத்தில் எவனாவது கரும்பு வெட்டினால், சோகை இலை கிழித்த கோடு விருத்தாசலத்தில் இவள் முழங்கையில் விழும். கொசு கடிக்கக்கூட வேண்டாம்; கடிக்கலாமா என்று யோசித்தாலே அந்த இடம் பணியாரம் போல எழும்பிவிடும். பிறந்த அன்று அவளைத் துடைத்த பழஞ்சேலையில் பூப்போட்டிருந்ததாம். அந்தப் பூ முதுகில் அச்சாகி, பேர் வைக்கிற நாள்வரை வாடவில்லையாம். அவளுடைய அம்மா பூவாயி சாகும்வரை கற்பூரம் அடித்துச் சத்தியம் செய்த சங்கதி இது.

தோல் இப்படி என்றால் மூக்கு அதற்கும் மேல். அடுத்த தெருவில் ஒருவன் சளியைச் சிந்தினால் இந்தத் தெருவில் இவளுக்குச் சோறு இறங்காது. ஜங்ஷன் டீக்கடையில் எச்சில் கிளாஸை முக்கி எடுக்கிற வாளித் தண்ணீரை ஒரே ஒருமுறை எட்டிப் பார்த்தாள். அன்றோடு கடை டீயை விட்டாள். பஸ்ஸில் கம்பியைப் பிடிக்க மாட்டாள். பிடித்தவன் கை எங்கெங்கே போய்விட்டு வந்ததோ என்று நினைத்து, விழுந்தாலும் பரவாயில்லை என்று நிற்பாள்.

இப்படிப்பட்டவளுக்கு அமைந்த வேலையோ சேற்றில். செராமிக் பொம்மை செய்யும் ஒரு சின்ன கம்பெனியில், அச்சிலிருந்து எடுத்த, இன்னும் சுடாத பச்சைப் பொம்மையை ஈரப் பஞ்சால் துடைத்து, ஒட்டுத் தெரிகிற கோட்டை மழுப்ப வேண்டும். பிள்ளையார் தொந்தி, கிருஷ்ணர் கன்னம், செட்டியார் மொட்டை என்று எல்லாவற்றையும் வழவழப்பாக்கி அனுப்புவாள். அவள் கை மட்டும் விரலிடுக்கெல்லாம் வெடித்து, செதில் உரிந்து, புறங்கையில் சிவப்புத் திட்டாகக் கிடந்தது. கழுத்தோரமும் அப்படியே.

அம்மா போன பிறகு தம்பி பழமலைநாதனுக்கு எண்ணெய் வைத்து, சோறு ஊட்டி, ஐ.டி.ஐ. வரை படிக்க வைத்தவை அந்தக் கைகள்தாம். அவனுக்குப் பெண்ணாடத்தில் கயல்விழி என்று ஒரு பெண்ணைப் பேசி முடித்தார்கள். ஆவணியில் கல்யாணம். மாப்பிள்ளை தாலியில் முதல் முடிச்சைப் போட்டால், மற்ற இரண்டும் அவனுடன் பிறந்தவள் போட வேண்டியது. நாத்தனார் முடிச்சு. இதற்காகவே பிறந்தவள் போல திரௌபதி காத்திருந்தாள்.

நிச்சயதார்த்தத்தில் வெற்றிலைத் தட்டை இவள் நீட்ட, பெண்ணின் பெரியம்மா அம்புஜவல்லி வாங்கிக்கொள்ள வந்தாள். வந்தவள் பாதியில் நின்றாள். முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு, தட்டின் ஓரத்தை இரண்டு விரலால் பிடித்தாள், செத்த எலியை வாலைப் பிடித்துத் தூக்குவது போல.

"ஏம்மா, கையில அது என்னாது? படையா?"

"இல்லீங்க. கம்பெனி மண்ணுல வேலை. வெடிச்சிருக்குது."

"மண்ணோ மட்டையோ, சொறி சொறிதான். இந்தக் கையா எங்க பொண்ணு கழுத்துல முடிச்சு போடப்போவுது? மாப்பிள்ளைக்கு ஒண்ணுவிட்ட தங்கச்சி யாரும் இல்லியா?"

இருந்தாள். அன்புக்கரசி என்று சித்தப்பா மகள். வளையல் குலுங்க எழுந்து நின்றுகூட விட்டாள். பழமலைநாதன் தரையைப் பார்த்தான். திரும்பி வரும்போது பஸ்ஸில், "கல்யாணத்துக்குள்ள ஆறிடும்ல அக்கா?" என்று மட்டும் கேட்டான். தம்பி தன் பக்கத்தில் உட்காராமல் ஒரு இருக்கை தள்ளி உட்கார்ந்திருப்பதைத் திரௌபதி அப்போதுதான் கவனித்தாள்.

அவமானம் அவளுக்கு, ஆவேசம் அவள் மாமியார் சொர்ணாம்பாளுக்கு. "என் மருமவளையா சொறின்னா? ஆவணிக்குள்ள உன்னைப் பளிங்காக்கி நிறுத்தல, நான் சொர்ணாம்பா இல்லடி!"

அன்றிலிருந்து அந்த வீட்டில் நடந்ததைச் சாப்பாட்டுக்கு முன்னால் படிக்கக் கூடாது.

முதலில் எச்சில். விடிந்ததும் பல் விளக்காமல், முந்தின நாள் போட்ட வெற்றிலை நாற்றம் மாறாமல், வாயில் ஊறியதை விரலில் தொட்டுத் திட்டுத் திட்டாகத் தடவுவது. "வெறும் வாயி எச்சிலுக்கு நாகப்பாம்பு விஷமே முறியும்டி." பாம்புக்கு அது தெரிந்திருந்தால் அந்தத் தெருப் பக்கமே வந்திருக்காது. திரௌபதி வாசலுக்கு ஓடி வாந்தி எடுத்தாள். எடுத்து முடித்துத் திரும்பினால், மாமியார் இன்னொரு விரலோடு நிற்கிறாள்.

அப்புறம் கோமியம். சூடாக. அப்புறம் முட்டை வெள்ளைக்கரு. அது கழுத்தில் வழிந்து ரவிக்கைக்குள் இறங்கிக் காய்ந்து, வெயிலில் வீச்சம் எடுத்து, ஒரு நாய் கம்பெனி வாசல்வரை அவளுக்குத் துணை வந்தது. புளித்துப் புழு வைத்த மோர். நத்தையைத் தேடிப் பிடித்து கன்னத்தில் ஊர விட்டதும் உண்டு. நத்தைக்கே அருவருப்பாகி ஓட்டுக்குள் போய்விட்டது என்பார்கள். அதில் எனக்குச் சந்தேகமில்லை. நத்தைக்கும் மானம் இருக்கிறது.

நடுவில் ஒருநாள் திரௌபதி யாருக்கும் தெரியாமல் பெரியாஸ்பத்திரிக்குப் போய் வந்தாள். டாக்டரம்மா கையைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "உங்களுக்குச் சீக்கிரம் சிவக்கிற தோலும்மா. இதுக்கு மேல எதையும் பூசாதீங்க. வேலை முடிஞ்சதும் நல்ல தண்ணியில கழுவிட்டு, ஈரம் காயறதுக்குள்ள தேங்கா எண்ணெய் தடவுங்க. சோப்பைக் குறைங்க. நகத்தை வெட்டுங்க. போதும்" என்றாள்.

"மருந்தே குடுக்கலியா? அப்புறம் என்னா டாக்டரு?" என்று, எப்படியோ சங்கதி தெரிந்துகொண்ட சொர்ணாம்பாள் முகத்தைச் சுளித்தாள். கோமியத்துக்குச் சுளிக்காத முகம்.

அந்தச் சமயம் பார்த்து டிவியில் ஒரு விளம்பரம் வந்தது. ஒரு பெண் முகம் முழுக்க வெள்ளைச் சேற்றை அப்பிக்கொண்டு சிரித்தாள். கழுவியதும் நிலா மாதிரி இருந்தாள். சொர்ணாம்பாள் தொடையைத் தட்டிக்கொண்டு எழுந்தாள். "அடி இவளே! மண்ணைப் பொட்டலம் கட்டி விக்கிறானுவோ. இந்த மண்ணு நம்மூர்ல லாரி லாரியா கெடக்குதே!"

நேரே கம்பெனி கேட்டுக்குப் போனாள். அச்சில் சேறு ஊற்றுகிற கருப்பன் அங்கே பீடி குடித்துக்கொண்டிருந்தான்.

"கருப்பா, கொஞ்சம் வெள்ளை மண்ணு குடுடா. நல்ல நைசா இருக்கணும்."

"பொம்மைக்கா ஆயா?"

"பொம்மை மாதிரி ஆவறதுக்குடா."

அவனுக்குப் புரியவில்லை. புரிந்துகொள்ள அவன் சிரமப்படவும் இல்லை. மூலையில் கிடந்த வெறும் மண்ணைக் கொடுத்திருந்தால் ஒன்றும் ஆகியிருக்காது. நைசு என்றாளே என்று, அச்சில் ஊற்றுவதற்குத் தயாராகத் தொட்டியில் கலக்கி வைத்த சேற்றை எவர்சில்வர் தூக்கு நிறைய மொண்டு கொடுத்தான். கெட்டிச் சேறு பால் மாதிரி ஓட வேண்டும் என்பதற்காக அந்தத் தொட்டியில் சிலிகேட் ஊற்றுவார்கள். அது பட்டுக் கருப்பன் விரலே தோல் உரிந்துதான் கிடந்தது. பார்க்க மட்டும் ஜவ்வரிசிப் பாயசம் போல வெள்ளையாய், கெட்டியாய், அத்தனை அழகு.

ஞாயிறு மதியம் அசந்து தூங்கிக்கொண்டிருந்த மருமகள் மேல் சொர்ணாம்பாள் சுவர் பூசுகிற மாதிரி பூசினாள். முகம், கழுத்து, இரண்டு கை.

திரௌபதி விழித்தபோது கண் திறக்கவில்லை, வாய் திறக்கவில்லை. அச்சுக்குள் மாட்டிய பொம்மைக்கு எப்படி இருக்கும் என்று அன்றைக்குத்தான் அவளுக்குத் தெரிந்தது. தோலைச் சுருட்டிப் பிழிவது போல எரிச்சல். அவள் வீறிட்ட வீறலில் சேறு பாளம் பாளமாக வெடித்து, அரைப் புருவத்தையும் பிடுங்கிக்கொண்டு சுவரில் போய் ஒட்டியது. தெருக் குழாய்க்கு ஓடி, ஊர்த் தண்ணித் தொட்டி காலியாகும்வரை கழுவினாள்.

"அதுல சிலிகேட்டு கலந்திருக்குது அத்தே! பொம்மைக்கு ஊத்தறதை மனுசி மூஞ்சில ஊத்துவீங்களா? கொட்டுங்க அதை! இனிமே எச்சி, மூத்திரம், சேறுன்னு எதையாச்சும் எடுத்துக்கினு என் கிட்ட வந்தா, நான் கொளஞ்சியப்பர் கோயில்ல உங்க பேர்ல பிராது கட்டிடுவேன், ஆமா!"

அந்தக் கோயிலில் பிராது எழுதிக் கட்டினால் சாமி விசாரிக்காமல் விடாது. திரௌபதியின் புருஷன் கொளஞ்சியப்பன், அந்தச் சாமி பேரையே வைத்திருந்த ஆட்டோ டிரைவர், அன்று முதல் வாசலில் காவலுக்கு உட்கார்ந்தான்.

பிறகு எதுவுமே நடக்கவில்லை. அதுதான் வைத்தியம். வேலை முடிந்ததும் தண்ணீர், எண்ணெய், பழைய பருத்தித் துணி. நகத்தை ஒட்ட வெட்டினாள். பஞ்சைப் பிடிக்கிற கையில் பாலித்தீன் பையைக் கட்டிக்கொண்டாள். ஆடி முடியும்போது வெடிப்பு மூடிவிட்டது. தழும்பு மட்டும் கருப்பாக நின்றது. ஆனாலும் பெண் வீட்டிலிருந்து செல்போனில் சொல்லிவிட்டார்கள்: முடிச்சு அன்புக்கரசியே போடட்டும். பழமலைநாதன் அதை வந்து சொன்னபோதும் தரையைத்தான் பார்த்தான்.

கொட்டச் சொன்ன தூக்கைச் சொர்ணாம்பாள் கொட்டவில்லை. "நல்ல மண்ணுதான். இவ தோலுதான் கோளாறு" என்பது அவள் தீர்ப்பு. மூடி போட்டு அடுப்படி மூலையில் வைத்தாள். வாரக்கணக்கில் கிடந்து அது சாக்கடை நாற்றம் எடுத்தது. அதற்கென்ன, பன்னீர் ஊற்றினாள். சந்தனம் போட்டுக் கலக்கினாள். சாக்கடையில் சந்தனம் கரைத்த அந்த வாசனையை எழுத்தில் கொண்டுவர முடியாது, முடிந்தாலும் கூடாது. கல்யாணத்துக்கு முந்தின சாயங்காலம், மணவாளநல்லூரில் கொளஞ்சியப்பர் கோயிலை ஒட்டிய மண்டபத்தில் பெண் வந்து இறங்கியதும், தூக்கை அம்புஜவல்லி கையில் சம்பந்தி மரியாதையாகக் கொடுத்தாள். "எங்க ஊரு வெள்ளை மண்ணு. பொண்ணு பளிங்காட்டம் ஆயிடும்."

அம்புஜவல்லி அதைப் பெண்ணுக்குப் பூசினாள். மிச்சத்தைத் தானும் பூசிக்கொண்டாள். எரிகிறதே என்று கயல்விழி அழுததற்கு, "எரிஞ்சாதான்டி வேலை செய்யுதுன்னு அர்த்தம்" என்று பதில்.

விடிந்ததும் மணப்பெண் அறையில் அலறல். நாயனக்காரர் வாயிலிருந்த சீவாளியைக் கடித்துவிட்டார். சொர்ணாம்பாள் திரௌபதியின் காதில் வந்து குனிந்தாள்.

"ஏண்டி... அந்தத் தூக்கு இல்ல? அதை நான் கொட்டலடி."

திரௌபதி உள்ளே போனாள். கயல்விழியின் முகம் சுட்ட தக்காளி. அதன் மேல் ஒருத்தி டூத்பேஸ்ட்டைப் பிதுக்கிக்கொண்டிருந்தாள், ஒருத்தி வெண்ணெய், ஒருத்தி எலுமிச்சம்பழத்தை அறுத்துக்கொண்டிருந்தாள். எல்லாம் ஒன்றாய்க் குழைந்து முகவாயில் சொட்டியது. முகத்தில் துண்டைப் போட்டுக்கொண்டு அம்புஜவல்லி, வெற்றிலைக் காவி படிந்த வாயில் விரலை விட்டு எடுத்து, "வெறும் வாயி எச்சில் தடவுனா..." என்று பெண்ணிடம் வந்தாள்.

"எடுங்க கையை!"

திரௌபதியின் சத்தத்தில் எலுமிச்சம்பழம் உருண்டது. "எல்லாரும் வெளியில போங்க. குடத்துல தண்ணி கொண்டாங்க. வேற ஒண்ணும் வேணாம்."

பெண்ணைக் குனியவைத்து, தண்ணீரை ஊற்றினாள், ஊற்றிக்கொண்டே இருந்தாள். தேய்க்கவில்லை. குடத்துக்கு மேல் குடம் வந்தது. கோயில் குளத்தில் மீன்கள் முதுகு தெரிய நின்றன என்று அன்றைக்கு வந்தவர்கள் சொல்கிறார்கள். பிறகு நனைத்த வெள்ளைத் துணியை முகத்தில் போட்டு வைத்தாள். காதுமடலுக்குப் பின்னால், தலைமுடி ஓரத்தில், அழுகிய சேறு இன்னும் பிசுபிசுத்தது. அந்த நாற்றம் மூக்கில் ஏற, மூச்சை அடக்கிக்கொண்டு அதையும் வழித்தாள்.

"இப்ப தேவலாம் அண்ணி" என்றாள் கயல்விழி.

வெளியே போகாமல் மூலையில் ஒதுங்கியிருந்த துண்டுக்குள்ளிருந்து ஒரு முனகல். "எனக்கும் ரெண்டு சொம்பு ஊத்தும்மா..."

துண்டை விலக்கினால், அம்புஜவல்லியின் மூக்கு ஒழுகி, வெற்றிலைச் சாறும் சேறும் கழுத்து மடிப்பில் ஒரு வாய்க்காலாக இறங்கிக்கொண்டிருந்தது. திரௌபதி முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டாள். அவள் முகவாயை இரண்டே விரலால் பிடித்து நிமிர்த்தினாள். எந்தப் பிடி என்று அம்புஜவல்லிக்குத் தெரிந்திருக்க வேண்டும், கண்ணை மூடிக்கொண்டாள். திரௌபதி சொம்பைச் சாய்த்தாள்.

முகூர்த்தத்தில் பவுடர்கூட இல்லாமல், சிவந்த முகத்தோடு கயல்விழி உட்கார்ந்தாள். வீடியோக்காரர் விளக்கைக் கிட்டே கொண்டுவந்து திட்டு வாங்கினார். பழமலைநாதன் முதல் முடிச்சைப் போட்டான். பின்னால் அன்புக்கரசி குனிந்தாள். நீள நகம், அதில் சிவப்புப் பாலிஷ், கை நிறையக் கண்ணாடி வளையல். ஒரு நகம் கழுத்தில் பட்டதுதான் தாமதம், கயல்விழி துள்ளி நிமிர்ந்தாள்.

"ஐயோ, எரியுது! என் கழுத்தை யாரும் தொடாதீங்க. அண்ணியைக் கூப்புடுங்க. அவங்க கை பட்டாதான் எரியல."

மேளம் கொட்டிக்கொண்டே இருந்தது. எல்லோரும் அம்புஜவல்லியைப் பார்த்தார்கள். அவள் துண்டை இழுத்து முகத்தை மூடிக்கொண்டாள். பழமலைநாதன் முதல்முறையாகத் தலையைத் தூக்கி, "அக்கா, வா" என்றான்.

எண்ணெய் தடவி, நகம் வெட்டி, தழும்பேறிய அந்தக் கைகள் இரண்டு முடிச்சுகளையும் போட்டன. பிடரி ஓரத்தில் ஒரு பொட்டுச் சேறு மிச்சமிருந்தது. மூச்சை அடக்கியபடியே சுண்டுவிரலால் அதைத் துடைத்துத் தன் முந்தானையில் தேய்த்துக்கொண்டாள். அழுகையா குமட்டலா என்று அவளுக்கே பிரித்துச் சொல்ல முடியவில்லை.

பந்தியில் சொர்ணாம்பாள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "அந்தத் தூக்கைக் கேட்டு வாங்குடி. நல்ல எவர்சில்வரு."

பரிமாறுகிறவர் வாளியோடு வந்து இலையில் கரண்டியைக் கவிழ்த்தார். ஜவ்வரிசிப் பாயசம். வெள்ளையாய், கெட்டியாய், பன்னீர் மணத்தோடு இலையில் மெதுவாகப் பரவியது.

திரௌபதி வாயைப் பொத்திக்கொண்டு எழுந்து ஓடினாள். சொர்ணாம்பாள் மருமகள் இலையிலிருந்ததையும் தன் இலைக்கு வழித்துக்கொண்டு, விரலை நக்கினாள்.