மூடி கையில்

"மூடி இதோ கையில கீது, பாத்துக்கோ" என்று இடது உள்ளங்கையை விரித்துக் காட்டிய பிறகுதான் பூபாலன் கேமராவைக் கண்ணுக்குக் கொண்டுபோவார். படத்துக்கு நிற்பது டீக்கடை சாமுண்டீஸ்வரியானாலும் சரி, கடை வாசலில் படுத்திருக்கும் நாயானாலும் சரி.

அம்பத்தூர் எஸ்டேட்டில் லேத் ஓட்டுகிறவர். கேமரா, குமணன்சாவடி பழைய சாமான் கடையில் மலிவாகக் கிடைத்தது. பேட்டரி கிடையாது, உள்ளே எல்லாம் பல்சக்கரமும் ஸ்பிரிங்கும்தான். லென்ஸுக்கு மேலே சின்னதாய் ஒரு கண்ணாடிச் சன்னல். அதன் நடுவே ஆள் இரண்டாகத் தெரிவார். லென்ஸ் வளையத்தைத் திருகத் திருக, இரண்டும் நெருங்கி ஒன்றாகும். "சேந்துச்சி பாரு" என்பார், தனக்குத்தானே.

அந்தச் சன்னல்தான் அவரைக் கவிழ்த்தது. பார்ப்பது சன்னல் வழி. படம் விழுவது லென்ஸ் வழி. லென்ஸ் மூடிக் கிடந்தாலும் சன்னலில் எல்லாம் பளிச்சென்று தெரியும். மனைவி எழிலரசி குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் புறப்பட்ட காலையில், அண்ணனூர் ஸ்டேஷனில் ஒரு ரோல் முழுக்க அவளையே எடுத்தார். விளக்குக் கம்பத்தில் சாய்ந்து சிரித்தது, ரயிலேறியது, கம்பிக்கு வெளியே கை நீட்டியது. கழுவி வந்த பிலிமில் ஒன்றுமே இல்லை. "அண்ணாத்தே, மூடியக் கயட்டாமயே எடுத்துகினு இருந்துகீற" என்றார் கழுவிக் கொடுத்தவர்.

இப்போது கேமராவில் இருக்கும் ரோலில் ஒரே ஒரு படம் பாக்கி. அது எழிலரசி வந்து இறங்கும்போது எடுப்பதற்கு.

"தெனம் போன்ல மூஞ்சியப் பாக்குற, பத்தாதா மாமே?" என்று பக்கத்து லேத் ஜம்புலிங்கம் சீண்டுவார்.

"அதுல நான் திருக ஒண்ணுமில்லியேடா."

போன ஞாயிற்றுக்கிழமை அவள் வருவதாக இருந்தது. முந்தின நாள் போன் வந்தது.

"லீவு இல்லன்ட்டாங்கய்யா. அந்த ஒத்தப் படத்த வேற யாரையாச்சும் எடுத்து முடி. பிலிமு கெட்டுறப் போவுது."

"அதெல்லாம் கெடாது. நீ ஒடம்பப் பாத்துக்கோ."

ஆனாலும் ஞாயிறன்று, இஸ்திரி போட்டு வைத்திருந்த சட்டையை மாட்டிக்கொண்டு அண்ணனூருக்குப் போனார். ரயில் வந்தது, இறங்கியவர்கள் கலைந்தார்கள். விளக்குக் கம்பத்துக்கு எதிரே நின்று மூடியைக் கழற்றினார். வளையத்தைத் திருகினார். இரண்டு கம்பங்கள் நெருங்கி ஒன்றாயின. பொத்தான்மேல் இருந்த விரலை மெல்ல எடுத்துக்கொண்டு, கேமராவைத் தாழ்த்தினார். பிறகு, யாரும் நிற்காத அந்தக் கம்பத்தடிக்கு இடது உள்ளங்கையை விரித்துக் காட்டினார்.