கண் மூடிய ஆற்றுப்பெண்

ஜெர்மன் சண்டைக்கு முந்திய வருஷம், திருநெல்வேலி டவுனில் கதைப்புத்தகம் போடும் ஓர் அச்சகத்தில் மரக்கட்டையில் படம் செதுக்கச் சேர்ந்தேன். "மேலட்டையப் பாத்துதாம்லே புத்தகம் போகும். படம் தேறலன்னா மூட்டையக் கட்டிரணும்" என்று முதலாளி சேர்ந்த அன்றே சொல்லிவிட்டார்.

முதல் வேலை, தாமிரபரணியில் மூழ்கிப் பேயான ஒரு பெண்ணின் கதை. தண்ணீருக்கடியில் கூந்தல் பாசியோடு பாசியாக அலைய, அவள் அகல விழித்து மேலே பார்ப்பதாகச் செதுக்கினேன். செதுக்கச் செதுக்க நானே ஆற்றுக்குள் கிடப்பது போலிருந்தது. தெருவில் போகும் வண்டிச் சத்தம்கூடத் தண்ணீர் வழியாகத்தான் வந்தது. முடித்தபோது எனக்குத் தலைகால் புரியாத பெருமை.

அச்சடிக்கும் சுடலைமுத்து கட்டையைப் பார்த்ததும் மை உருளையைக் கீழே வைத்துவிட்டார்.

"கண்ணத் தொறந்துட்டீரே வே. கண்ணு தொறந்தா உசுரு வந்துரும்லா. படையல் போட்டீரா?"

"இது வெறும் கடுதாசிதானே வே" என்றேன்.

"சாமி படத்தக் கடுதாசின்னு மிதிப்பீரா? ஆயிரம் பிரதி அடிச்சா ஆயிரம் தடவ கண்ணு தொறக்கும். அம்புட்டு படையலுக்கு எங்கன போவீரு?"

மனுஷன் அசையவில்லை. ஆடி அமாவாசைக்கு நாலே நாள். அன்று பாபநாசத்தில் முழுக வரும் கூட்டத்திடம் விற்கப் புத்தகம் வேண்டும். வேறு வழியின்றி இரண்டு கண்களையும் குடைந்தெடுத்து, மர ஆப்பு அடித்து, மூடிய இமைகளாகச் செதுக்கினேன். பேய் போய்விட்டது. நீருக்கடியில் ஒரு பெண் நிம்மதியாகத் தூங்கினாள்.

"பேய்க்கதைக்குத் தூங்குத பொண்ணாலே? நீயே கொண்டுபோயி வித்துட்டு வா" என்று முதலாளி எரிந்து விழுந்தார்.

பாபநாசத்தில் படித்துறை அருகே கடை விரித்தேன். முழுகிவிட்டு ஈரச்சேலையோடு வந்த ஓர் அம்மா அந்தப் படத்தையே பார்த்தபடி நின்றார்.

"அண்ணாச்சி, இவ தூங்குதாளா?"

பேய் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. "ஆமா தாயி, தூங்குதா."

"எம்மவள போன வருசம் இந்த ஆத்துலதான் எடுத்தோம். கண்ணு தொறந்தே கெடந்துச்சு. மூடிமூடிப் பாத்தேன், மூடவே இல்ல."

புத்தகத்தை வாங்கி, மேலட்டையை மட்டும் மெதுவாகக் கிழித்து நெஞ்சோடு வைத்துக்கொண்டார். கதையை என்னிடமே திருப்பித் தந்துவிட்டார். அவர் போன பிறகு அத்தனை கூட்டத்துக்கு நடுவில் உட்கார்ந்து அழுதேன்.

பாதிப் புத்தகங்கள் விற்காமல் திரும்பி வந்தன. "அடுத்த அச்சுக்குக் கண்ணத் தொறந்து வை. இல்லன்னா ஊரு போயிச் சேரு" என்றார் முதலாளி. அந்தக் கண்ணைத் திறக்க எனக்குக் கை வரவில்லை. வேலை போயிற்று.

பிறகு எத்தனையோ அச்சகங்களில், பார்த்தவர் அலறும்படி பேய்கள் செதுக்கியிருக்கிறேன். அதில் எனக்கு வெட்கம் ஒன்றும் இல்லை. ஆனால் இந்தத் தொழிலுக்கு வருகிறவர்கள் ஒன்றை நினைவில் வைக்க வேண்டும். செத்தவளைப் படமாகப் போடும்போது, அவளைப் பெற்றவளும் அதை வாங்க வருவாள்.