துப்பலாம், கொப்புளிக்கக் கூடாது

எச்சில் என்றாலே எனக்கு ஆகாது. பெற்ற பிள்ளை கடித்துவிட்டு நீட்டும் பிஸ்கட்டைக்கூட வாங்கமாட்டேன். அப்படிப்பட்டவளுக்குத் தேயிலைத் தோட்டத்து ஃபெக்டரியில் கிடைத்த வேலை, காலையில் தூள் தயாரிப்பைப் பார்க்கும் டீ மேக்கர் ஐயாவோடு நின்று தேத்தண்ணி ருசி பார்ப்பது. கரண்டியில் அள்ளி, காற்றோடு சேர்த்து சர்ரென்று உறிஞ்சி, நாக்கில் புரட்டிவிட்டுத் தொட்டியில் துப்ப வேண்டும். ஐயா துப்பிய அதே தொட்டி. நுரையும் சாயமுமாக அது கிடக்கும் கிடையைப் பார்க்காமல் கண்ணை மூடிக்கொண்டு துப்புவேன். ஆனால் மழையிலும் அட்டைக்கடியிலும் கொழுந்து பறித்துவிட்டு வந்தவள் நான். ருசி பார்க்கும் அந்த மேசையை விட மனமில்லை.

வேலை முடிந்தும் அந்தத் தொட்டி என் வாய்க்குள்ளேயே இருப்பதாகத் தோன்றும். பல்லில் தேயிலைக் கறை வேறு. கரித்தூளும் உப்பும் போட்டு, முரட்டு பிரஷ்ஷால் சட்டி விளக்குவது போல விளக்குவேன். காலையில், வேலை விட்டு வந்ததும், படுக்கப் போகுமுன்.

ஒருநாள் உறிஞ்சியபோது காற்று பல்லடியில் பட்டு மண்டை வரை விண்ணென்று ஏறியது. கரண்டியைப் போட்டுவிட்டேன். அடுத்தடுத்த நாட்களிலும் அதே கதை. உறிஞ்சாமல் மெல்லக் குடித்தால் ருசி பிடிபடாது.

"முடியலேன்னா சொல்லிரும்மா. வேற ஆளப் போட்டுக்கிறேன், நீ மலைக்கே கொழுந்து பறிக்கப் போயிறலாம்" என்றார் ஐயா. அவர் கோபப்படாமல் சொன்னதுதான் பயமாக இருந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு சமாளிக்கலாம் என்றால், அந்தப் பல்லைத்தானே கடிக்க முடியவில்லை.

எங்கள் லயத்து வீட்டு வரிசையில் பக்கத்து வீட்டு அக்கா, "பல்லுல பூச்சி. பொகயில வச்சா செத்துரும்" என்று சொல்லி, தன் கன்னத்தில் அடக்கியிருந்ததையே விரலால் தோண்டி எடுத்து நீட்டினார். எச்சில் நூலாக இழுத்தது. நான் வாசலில் ஓடும் சாக்கடைக் கானுக்கு ஓடி வாந்தி எடுத்துவிட்டுத் திரும்பினேன். அவர் அதை மறுபடி வாயில் போட்டு மென்றுகொண்டிருந்தார்.

ஹட்டன் டவுனுக்கு பஸ் ஏறினேன். பல் டாக்டர் அம்மா சிங்களவர். தமிழ் நன்றாகப் பேசினார். கண்ணாடியைக் கையில் கொடுத்துப் பார்க்கச் சொன்னார். ஈறு விலகி, பல்லின் அடி மஞ்சளாகத் தெரிந்தது. என் வாயே எனக்கு அருவருப்பாக இருந்தது.

"பூச்சியும் இல்ல, சொத்தையும் இல்ல. நீங்க தேச்சித் தேச்சி ஈறு தேஞ்சிருக்கு. வேர் வெளிய வந்திருச்சி. காத்து, குளிர் எல்லாம் நேரா நரம்புக்குப் போகுது."

போன ஈறு திரும்ப வளராதாம். ஆனால் கூச்சம் சில வாரங்களில் அடங்குமாம். கரி, உப்பு கூடாது. மெத்தென்ற பிரஷ்ஷில் கூச்சத்துக்கான பேஸ்ட்டை வைத்து, காலையும் இரவும் மெதுவாகத் தேய்க்க வேண்டும்.

"தேச்ச பொறகு துப்புங்க. தண்ணி ஊத்திக் கொப்புளிக்க வேணாம். மருந்து பல்லுல நிக்கணும்."

"எச்சிலோடயா டாக்டர்?"

"ஒங்க எச்சில்தானேம்மா."

முதல் நாள் இரவு வாய்க்குள் கொழகொழவென்று நுரை ஒட்டிக்கொண்டிருந்தது. இரண்டு தடவை குமட்டியது. எழுந்து போய்ப் பைப்பைத் திறந்தும் விட்டேன். தண்ணீர் கையில் ஐஸாக விழுந்தது. கொழுந்துக் கூடையை நினைத்துக்கொண்டு பைப்பை மூடினேன். பிறகு வந்த இரவுகளிலும் அந்த அசிங்கத்தோடுதான் படுத்தேன்.

கூச்சம் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்தது. ஒரு காலையில் ஐயா பார்த்துக்கொண்டு நிற்க, கரண்டியில் அள்ளிப் பழையபடி சர்ரென்று உறிஞ்சினேன். வலிக்கவில்லை. "நல்ல தூளு, ஆனா கொஞ்சம் கருகிருக்குங்க" என்றேன். அவர் அடுத்த கோப்பையை என் பக்கம் தள்ளினார்.

துப்பக் குனிந்தேன். அவருடைய நுரை தொட்டியில் மிதந்துகொண்டிருந்தது. அருவருப்பு அப்படியேதான் இருந்தது. ஆனாலும் மலைக்குப் போகாமல் நாளைக்கும் இதே தொட்டியில்தான் துப்பப்போகிறேன் என்று நினைத்ததும் சந்தோஷத்தில் கண் கலங்கிவிட்டது.