இருவரும் வந்தால் திறக்கும் லாக்கர்

எங்கள் ஊர் வங்கியின் வரலாற்றை எழுத வேண்டும் என்று வெகு நாளாக நினைத்திருந்தேன். தேதிகளைச் சேர்த்து வைப்பது என் பழக்கம். கிழக்குத் தாம்பரத்தில் ரயில்வே ஊழியர்களும் பள்ளி ஆசிரியர்களும் ஆளுக்குக் கொஞ்சம் பங்குப் பணம் போட்டு, ஓர் அரிசிக் கடையின் பின்னறையில் தொடங்கிய வங்கி அது. அந்த ஆசிரியர்களில் என் அம்மாவும் ஒருவர். சுற்றிலும் வயல்கள் மனைகளாக மாறியபோது வீடு கட்ட எங்கள் தெருவில் பாதிப் பேருக்குக் கடன் கொடுத்தது அந்த வங்கிதான். மீன் விற்றுவிட்டு வரும் பெண்களின் ஈர நோட்டுகளை முகம் சுளிக்காமல் வாங்கி, மின்விசிறிக்குக் கீழே பரப்பி உலர்த்திய காசாளரை நானே பார்த்திருக்கிறேன். இப்போது எழுத உட்கார்ந்தால் இதெல்லாம் விலகிப்போய், லாக்கர் அறைதான் முன்னால் வந்து நிற்கிறது.

அம்மா தன் இரட்டை வடச் சங்கிலியை அங்கே வைத்திருந்தார். உடம்புக்கு முடியாமல் போனதும் லாக்கரை என் பெயருக்கும் தங்கை பெயருக்கும் மாற்றினார்.

"யாராவது ஒருத்தர் வந்தா போதும்னு எழுதிக்கட்டுமா டீச்சர்?" என்று மேனேஜர் கேட்டார்.

"வேணாம் சார். ரெண்டு பேரும் சேர்ந்து வந்தாத்தான் திறக்கணும்."

கிறிஸ்துமஸுக்கு அந்தச் சங்கிலியை ஒரு வருடம் தங்கை போட்டுக்கொள்வாள், மறு வருடம் என் மனைவி. அதுவும் அம்மாவின் ஏற்பாடுதான்.

அம்மா இறந்த பிறகு, நாங்கள் வளர்ந்த ராஜகீழ்ப்பாக்கத்து வீட்டை இடித்து அடுக்குமாடி கட்டக் கொடுப்பதா வேண்டாமா என்பதில் எனக்கும் தங்கைக்கும் பேச்சு முறிந்தது. வேண்டாம் என்றவன் நான். கடைசியில் கையெழுத்துப் போட்டேன். அங்கே எழுந்த கட்டடத்தில் அவள் குடியேறினாள். நான் அந்தத் தெருப் பக்கமே போவதில்லை.

ஆனாலும் டிசம்பரில் எடுக்கவும் ஜனவரியில் திருப்பி வைக்கவும் இருவரும் வங்கிக்கு வந்தாக வேண்டும். மர பெஞ்சின் இரண்டு முனைகளில் உட்கார்ந்திருப்போம்.

"சாவி எடுத்துட்டு வந்திருக்காரான்னு சாரைக் கேளுங்க" என்று பியூனிடம் சொல்வாள் தங்கை. நான் சாவியைப் பியூனிடம் காட்டுவேன்.

நடுவில் உட்கார்ந்திருந்த மீன்காரப் பெண்மணிக்கு ஒரு நாள் பொறுக்கவில்லை. "இன்னா சார், அண்ணன் தங்கச்சின்றீங்க, ரெண்டு பேரும் ஊமப் படம் ஓட்டிகினு கீறீங்க? நடுவுல நான் டிக்கெட் எடுத்து ஒக்காந்துகினு கீறேன்!"

தங்கை சிரித்துவிட்டாள். நானும் சிரித்தேன். அதற்குப் பிறகு லாக்கர் அறைக்குள் நான்கு வார்த்தை பேசிக்கொள்வோம். என் சர்க்கரை அளவைக் கேட்பாள். அவள் மகனின் வேலையை நான் கேட்பேன். பெருமழையில் வங்கிக்குள் தண்ணீர் புகுந்த டிசம்பரில் சேற்றில் என் கையைப் பிடித்துக்கொண்டுதான் உள்ளே வந்தாள். வெளியே வந்ததும் விட்டுவிட்டாள்.

இரண்டு வருடத்துக்கு முன் எங்கள் வங்கியைப் பெரிய வங்கி ஒன்றோடு இணைத்தார்கள். கிளையை மூடுவதால் லாக்கரைக் காலி செய்யச் சொல்லித் தகவல் வந்தது. கடைசி முறை போனபோது பாதிக் கதவுகள் திறந்து கிடந்தன. உள்ளே துரு வாசனை.

"வேற எங்கயாவது லாக்கர் பாக்கட்டுமா? ரெண்டு பேர் பேர்லயே" என்றேன்.

"ஒரு சங்கிலிக்கு எதுக்குண்ணா?" என்றாள். பிறகு, "இந்த வருஷம் அண்ணி முறைதானே. நீயே எடுத்துட்டுப் போ."

"அடுத்த வருஷம்?"

"பாக்கலாம்."

போன டிசம்பரில் அவள் முறை. சங்கிலியை எடுத்துக்கொண்டு அந்தத் தெருவுக்குப் போனேன். எங்கள் கிணறு இருந்த இடத்தில் கார்கள் நின்றிருந்தன. காவலாளி போனில் மேலே சொல்லிவிட்டு நோட்டை என் பக்கம் தள்ளினார்.

"உள்ள போறதுன்னா கையெழுத்துப் போடணும் சார்."

பேனாவை வாங்கினேன். அதற்குள் அவளே இறங்கி வந்துவிட்டாள். சங்கிலிப் பெட்டியை வாங்கித் திறந்து பார்த்து மூடினாள்.

"அண்ணி நல்லா இருக்காங்களா?"

"இருக்கா."

"சுகர்?"

"பரவால்ல."

வங்கியாக இருந்தால் அடுத்துக் கதவைப் பூட்டும் வேலை இருக்கும். இங்கே ஒன்றும் இல்லை. 'வா' என்று சொல்வாள் என நான் நின்றேன். நான் கையெழுத்துப் போடுவேன் என்று அவளும் நின்றிருக்கலாம். அவள் பார்வை ஒருமுறை நோட்டின் மேல் போய் வந்தது.

"இன்னா சார், போறீங்களா இல்லியா?" என்றார் காவலாளி.

பேனாவைத் திருப்பிக் கொடுத்தேன்.

ஜனவரி பாதி போய்விட்டது. சங்கிலியைத் திருப்பி வைக்க இந்நேரம் பெஞ்சில் உட்கார்ந்திருப்போம். நேற்று அந்தப் பக்கம் பஸ்ஸில் போனேன். வங்கியின் பெயர்ப் பலகையைக் கழற்றிவிட்டார்கள். ஷட்டர் இறங்கியிருந்தது. தங்கையிடமிருந்து போன் வரவில்லை. நானும் பேசவில்லை.