கை பார்த்து வேலை சொன்ன கோவிந்தசாமி சார்

கோவிந்தசாமி சார் போய்விட்டார் என்ற செய்தியை ஷிப்ட் முடிந்த பிறகுதான் பார்த்தேன். ஸ்ரீ சிட்டி தொழிற்பேட்டையில் எங்கள் கம்பெனிக்குள் போன் கொண்டுபோக விடமாட்டார்கள். லாக்கரைத் திறந்து எடுத்தால், குடுபல்லிப் பள்ளிக்கூட வாட்ஸ்அப் குரூப் முழுக்கக் கும்பிடும் பொம்மைகள். 'வழிகாட்டிய வள்ளல்' என்று ஒருவர் எழுத, மற்றவர்கள் அதையே திருப்பிப் போட்டிருந்தார்கள். நினைவு மலருக்கு நானும் எழுத வேண்டுமாம். எழுதுகிறேன். அவர் காட்டிய வழி எதுவென்று அவரிடம் படித்த யாரும் மறந்திருக்க முடியாது.

ஒன்றாம் வகுப்பில் சேர்ந்த முதல் வாரமே கையை நீட்டச் சொல்வார். ஜோசியக்காரனாவது ரேகையைப் பார்ப்பான். இவர் விரலைப் பார்ப்பார். தடித்த விரல் என்றால் 'மண்வெட்டிக் கை'. கடைக்காரர் வீட்டுப் பிள்ளைக்கு விரல் எப்படி இருந்தாலும் 'பேனாக் கை'. என் விரல்கள் மெலிசு. "இது கம்பெனி கை. சின்னச் சின்ன ஸ்க்ரூல்லாம் நல்லா மாட்டும்" என்றார். எனக்கு அப்போது ஆறு வயது. கூலிக்குப் போய் வந்த நைனாவிடம் ஓடிப்போய்ப் பெருமையாகச் சொன்னேன். அவருக்கும் பெருமைதான்.

நான்காம் வகுப்பில் இருந்தபோது எங்கள் தெருவில் ஒரு பசு கன்று போட முடியாமல் கிடந்தது. குப்பத்திலிருந்து வந்த டாக்டரம்மா முழங்கை வரை கையை விட்டுக் கன்றை வெளியே எடுத்தார். மறுநாள் வகுப்பில் எழுந்து, "சார், நான் மாட்டு டாக்டர் ஆவறேன்" என்றேன். சார் வயிறு குலுங்கச் சிரித்தார். "உங்கூட்ல மாடே இல்ல, டாக்டரு மட்டும் வந்துடுமா?" என்றார். இந்த மலரைப் போடும் என் வகுப்புத் தோழர்களே, நீங்களும்தான் சிரித்தீர்கள். அன்று உட்கார்ந்தவள்தான். பத்தாவதில் நல்ல மார்க் வாங்கியும், டாக்டர் படிப்புக்கான பைபிசி குரூப்பைக் கேட்க எனக்கு வாய் வரவில்லை.

சொந்த மகன் கையை மட்டும் அவர் பார்க்கவே இல்லை. நேராகத் திருப்பதிக்கு டாக்டர் கோச்சிங்குக்கு அனுப்பினார். அவன் மூன்று முறை எழுதியும் சீட்டு கிடைக்கவில்லை. "கொஸ்டின் பேப்பரு கஷ்டமா வந்துட்ச்சி" என்றுதான் ஊரெல்லாம் சொன்னார், விரலைப் பற்றிப் பேச்சே இல்லை.

நான் வேலைக்குச் சேர்ந்த பிறகு குப்பம் பஸ் ஸ்டாண்டில் ஒருமுறை அவரைப் பார்த்தேன். பக்கத்தில் நின்றவரிடம், "ஒண்ணாங்கிளாஸ்லயே நான் சொன்ன பொண்ணு இதுதான்" என்று, தன் கொல்லையில் காய்த்த பூசணிக்காயைப் போல என்னைக் காட்டினார். நானும் பல்லைக் காட்டிக்கொண்டு நின்றேன். அதை நினைத்தால் அவர் மேல் வருவதைவிட என் மேல்தான் அதிகம் ஆத்திரம் வருகிறது.

அவரைக் கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். கெட்டது செய்யக்கூடக் கொஞ்சம் யோசிக்க வேண்டும். சார் யோசித்ததே இல்லை.

ஆனாலும் அவருடையது ஒன்று என்னிடம் தங்கிவிட்டது. போன மாதம் என் ஆறு வயது மகள் சாப்பிட்டுக்கொண்டே, "யம்மா, நான் ஏரோப்ளேன் ஓட்டப்போறேன்" என்றாள். நான் சிரித்துவிட்டேன். செல்லமாகத்தான் சிரித்தேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். அதற்குப் பிறகு அவள் அந்தப் பேச்சை எடுக்கவே இல்லை.